விசைப்படகு உரிமையாளர் சங்கம் யாருக்காகப் பேசுகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விசைப்படகு உரிமையாளர் சங்கங்களின் பணி, அவற்றின் உரிமை, பொறுப்பு ஆகியவை குறித்துக் கடலோர மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றைத் தேர்ந்தெடுத்து இவ்விதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மாமனாரிடமிருந்து ஒரு விசைப்படகை வாங்கி, இந்த ஆண்டு முதல் நானே தொழிலைப் பார்த்து வருகிறேன். சங்கத்தில் சேரும்படி எல்லோரும் சொல்கிறார்கள். சேர்ந்தால் சந்தா கட்ட வேண்டும்; வேலைநிறுத்தம் என்றால் படகைக் கட்டிப் போட வேண்டும். பதிவையும் உரிமத்தையும் அரசு நேரடியாகவே தரும்போது சங்கம் எதற்கு?
(ஒரு வாசகர், ராமேஸ்வரம்)

பதில்: உரிமம் உங்கள் படகுக்கு மட்டும் உரியது. ஆனால் அந்தப் படகு வாரத்தில் எந்தெந்த நாளில் கடலுக்குப் போகலாம், எத்தனை லிட்டர் டீசலை வரியில்லாமல் வாங்கலாம், ஆண்டில் எத்தனை நாள் கரையில் கிடக்க வேண்டும் என்பவையெல்லாம் எல்லாப் படகுகளுக்கும் சேர்த்து எடுக்கப்படும் முடிவுகள். பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள் என்ற ஏற்பாடு, 1970-களில் இரு தரப்புக்கும் இடையே நடந்த மோதல்களுக்குப் பிறகு பேசி உருவாக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பலத்த காற்று வீசும் என்று வானிலை மையம் எச்சரித்தால் கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் கொடுப்பதை மீன்வளத் துறை நிறுத்திவிடும். மூன்றே நாள் தொழிலில் ஒரு நாள் இப்படிப் போனால் அதற்கு ஈடாக வேறொரு நாள் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கையை ஒரே ஒரு படகுக்காரர் வைத்தால் எந்த அதிகாரியாலும் ஏற்க இயலாது.

டீசலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கடலுக்குப் போய்வரும் செலவில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசல் 19,000 லிட்டராகவும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டராக இருந்தது 4,400 லிட்டராகவும் உயர்த்தப்படும் என்ற அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் வெளியானது. இத்தகைய முடிவு நிதித் துறை வரை சென்று அரசாணையாக வர வேண்டியது. மாவட்ட ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் தனிமனிதராக நீங்களும் மனுக் கொடுக்கலாம், பெற்றுக்கொள்வார்கள். ஆனால் எத்தனை படகுகள் ஓடுகின்றன, ஒரு தொழில் நாளுக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகிறது, எந்த மாதத்தில் ஒதுக்கீடு தீர்ந்து போகிறது என்ற கணக்கைத் திரட்டி, ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்பதற்கு ஓர் அமைப்பு வேண்டும்.

விலை பற்றிய பேச்சும் சங்கத்தின் வேலைதான். தடைக்காலம் முடிந்து முதல் முறை கரை திரும்பும்போது இறால் வரத்து அதிகமாக இருக்கும். அந்த நேரத்தில் கொள்முதல் செய்வோர் ஒன்றுகூடி விலையை இறக்கிவிடுகிறார்கள் என்ற புகார் உங்கள் துறைமுகத்தில் பல முறை எழுந்திருக்கிறது. ஐஸில் வைத்த இறாலோடு நிற்கும் தனி ஆளுக்குப் பேரம் பேச நேரம் இருப்பதில்லை. எல்லாப் படகுகளும் ஒரே குரலில் நின்றால்தான் வாங்குவோர் பேச்சுக்கு வருவார்கள்.

வேலைநிறுத்தம் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. ஆயினும், பாதிப் படகுகள் கட்டுப்பட்டு மீதிப் பாதி கடலுக்குப் போய்விடும் துறைமுகத்தின் சங்கத் தலைவரை எந்த அலுவலகமும் பொருட்படுத்துவதில்லை. தன் உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் திறன்தான் பேச்சுவார்த்தையில் சங்கத்துக்குக் கிடைக்கும் மதிப்பின் அளவு. அதே வேளையில், படகு நிற்கும் ஒவ்வொரு நாளும் முதலில் அடி வாங்குவது அன்றைய பங்கை நம்பியிருக்கும் தொழிலாளியின் குடும்பம். ஆகவே எதற்காக நிறுத்துகிறோம், எந்தப் பதில் வந்தால் மீண்டும் போவோம் என்பதைப் பொதுக்கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லாத வேலைநிறுத்தத்தை நான் ஆதரிக்க மாட்டேன். சங்கத்தில் சேருங்கள், சேர்ந்து, இந்தக் கேள்வியை அங்கே எழுப்புங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, ஊர்ப் பஞ்சாயத்தும் இருக்கிறது. உரிமையாளர் சங்கம் இவற்றிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
(ஒரு வாசகர், மல்லிப்பட்டினம்)

பதில்: கூட்டுறவுச் சங்கம் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ், அரசின் மேற்பார்வையில் இயங்குவது. சேமிப்பு நிவாரணம் (மீனவர் சேமிப்போடு அரசும் தொகை சேர்த்துத் தருவது), கடன், மானியப் பொருள்கள் முதலியவை அதன் வழியாக வருகின்றன. படகு இல்லாதவரும் அதில் உறுப்பினராகலாம். ஊர்ப் பஞ்சாயத்து எந்தச் சட்டத்தின் கீழும் பதிவானதன்று. ஆனாலும் நாகப்பட்டினம், காரைக்கால் கடற்கரையில், ஊரார் எந்த வலையை இறக்கலாம், எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் நெடுங்காலமாக அதனிடம்தான் இருந்து வருகிறது. உரிமையாளர் சங்கம் ஊரைச் சேர்ந்ததன்று, துறைமுகத்தைச் சேர்ந்தது. ராமேஸ்வரம் போலப் பல ஊரார், பல சமூகத்தார் ஒரே துறைமுகத்தில் படகு வைத்திருக்கும் இடங்களில் பஞ்சாயத்தால் எல்லோரையும் கட்டுப்படுத்த இயலாது. அதனால் அங்கே சங்கங்கள் வலுப்பெற்றன.

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் உங்கள் துறைமுகத்தில் நின்ற படகுகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி உடைந்து கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அத்தகைய நேரத்தில் சேதக் கணக்கெடுப்புக்கு வரும் குழுவிடம், எந்தப் படகு முழுச் சேதம், எது பகுதிச் சேதம் என்று பதிவெண்ணோடு பட்டியல் காட்டி வாதிடுவது உரிமையாளர் சங்கத்துக்கே உரிய பணி.

கேள்வி: என் கணவர் வேறொருவரின் விசைப்படகில் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறார். சங்கம் ‘மீனவர்கள் கோரிக்கை’ என்றுதான் பேசுகிறது. அதில் எங்கள் கோரிக்கையும் அடங்குமா?
(ஒரு வாசகி, தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: ஓரளவு அடங்கும், முழுமையாக அடங்காது. டீசல், துறைமுகத் தூர்வாரல், புயல் எச்சரிக்கைக் கருவிகள், கடலில் கைதானோரை மீட்பது ஆகியவற்றில் உரிமையாளருக்கும் தொழிலாளிக்கும் ஒரே நலன்தான். பங்கு என்று வரும்போது நிலைமை மாறுகிறது. ஏலத்தில் வந்த தொகையிலிருந்து டீசல், ஐஸ், உணவுச் செலவுகளைக் கழித்து, மீதியை உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் பிரிப்பதுதான் பரவலான வழக்கம். விகிதம் துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபடும். எந்தச் செலவைக் கழிக்கலாம், வலை அறுந்தால் அந்த இழப்பு யாருக்கு என்ற தகராறு வந்தால், உரிமையாளர் சங்கம் மேசையின் எதிர்ப்பக்கம்தான் உட்காரும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை; உரிமையாளருக்காகவே அமைந்த சங்கம் அப்படித்தான் நடக்கும். உங்கள் பக்கம் உட்காரத் தொழிலாளர் சங்கம் தனியாக வேண்டும். தூத்துக்குடி போன்ற துறைமுகங்களில் அப்படி இருப்பதால்தான் பங்குத் தகராறுகள் பேச்சுவார்த்தைக்கு வருகின்றன.

ஆனால் உயிர் சார்ந்த ஒரு கடமையை உரிமையாளர் சங்கம் தட்டிக்கழிக்க முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் உங்கள் கடற்கரையைத் தாக்கியபோது, எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற எளிய கேள்விக்குப் பல நாட்கள் வரை உறுதியான விடை கிடைக்கவில்லை. பங்குத்தந்தையரும் ஊராரும் படகுக்காரர்களும் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியல்களை வைத்துத்தான் காணாமல் போனோரின் கணக்கு உருவாயிற்று. வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்யும் படகுகளில் யார் ஏறினார், யார் கடைசி நேரத்தில் இறங்கிக்கொண்டார் என்ற பதிவு கரையில் இருந்திருந்தால், அந்தக் குடும்பங்கள் பட்ட அலைச்சலில் பாதியாவது குறைந்திருக்கும். இன்று வட மாநிலத் தொழிலாளர்களும் நம் படகுகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்காக வந்து கேட்கக் கரையில் உறவினர் எவரும் இல்லை. ஒவ்வொரு படகும் புறப்படுமுன் ஆட்களின் பெயர், ஊர், தொடர்பு எண் அடங்கிய தாளைச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சங்கமே தீர்மானம் போட வேண்டும். கொடுக்காத படகுக்குச் சங்கத்தின் ஆதரவு இல்லை என்றும் அறிவிக்க வேண்டும்.

உங்கள் கணவர் பெயர் மீனவர் நல வாரியத்தில் பதிவாகி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய் உண்டு.

கேள்வி: எங்கள் படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டது. ஆட்கள் வந்துவிட்டார்கள், படகு வரவில்லை. சங்கத்தால் எதுவரை உதவ முடியும்? பேச்சுவார்த்தை எத்தனையோ முறை நடந்தும் தீர்வு ஏன் வரவில்லை?
(ஒரு வாசகர், ஜெகதாப்பட்டினம்)

பதில்: உங்கள் முதல் கேள்விக்கு விடை சட்டத்தில் இருக்கிறது. வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் தொடர்பான தன் 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தை இலங்கை 2018-இல் திருத்தி, தண்டத் தொகையைப் பல மடங்கு உயர்த்தியது. அதற்கு முந்தைய ஆண்டே, கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியைக் கொண்டு செய்யும் தொழிலைத் தன் கடலில் முற்றிலும் தடை செய்துவிட்டது. இப்போதைய நடைமுறையில் தொழிலாளர்கள் நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டாலும், படகின் மீதான வழக்கு தனியாக நடக்கிறது. உரிமையாளர் மன்னார், ஊர்க்காவற்றுறை, பருத்தித்துறை என்று எந்த நீதிமன்றத்தில் வழக்கோ அங்கே முன்னிலையாகித் தன் உரிமையை நிலைநாட்ட வேண்டும். தவறினால் படகு அரசுடைமையாகிவிடும். பதிவுச் சான்று, உரிமம், அடையாள ஆவணங்கள் ஆகியவற்றை உரிய முறையில் சான்றொப்பம் பெற்றுத் தருவது, கடவுச்சீட்டு இல்லாத உரிமையாளருக்கு அதைப் பெற உதவுவது, அங்கே ஒரு வழக்கறிஞரை அமர்த்துவது, யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தோடு தொடர்பு வைத்திருப்பது ஆகியவை சங்கம் செய்யக்கூடிய வேலைகள். தனி ஆளாக இவற்றைச் செய்தால் படகின் விலையில் கணிசமான பகுதி செலவாகிவிடும். நீதிமன்றம் விடுவித்த பிறகும் வேலை முடிவதில்லை. பிடிபட்ட படகுகளை நிறுத்திவைக்கும் இலங்கையின் மயிலிட்டித் துறைமுகத்தில் மாதக்கணக்கில் நின்ற படகின் இயந்திரம் ஓடாது, பலகை ஊறிப் போயிருக்கும். மெக்கானிக்குகளோடு ஒரு குழுவை அனுப்பி மீட்டு வர இரு அரசுகளின் அனுமதி வேண்டும். வழக்கு நாளைத் தவற விடாதீர்கள். அதுவே இப்போது உங்களுக்கு மிக அவசரமான செய்தி.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். 2014 ஜனவரியில் சென்னையிலும், அதே ஆண்டு மே மாதம் கொழும்பிலும், 2015 மார்ச்சில் மீண்டும் சென்னையிலும், 2016 நவம்பரில் புதுதில்லியிலும் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினார்கள். 2025 மார்ச்சில் தமிழகக் குழு ஒன்று வவுனியாவுக்குச் சென்று வட மாகாண மீனவர்களைச் சந்தித்தது. எதிரே உட்கார்ந்தவர்களும் தமிழ் மீனவர்கள்தான். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் கடலுக்குப் போக முடியாமல் இருந்து, 2009-க்குப் பிறகு கடன் வாங்கிச் சிறு படகும் வலையும் சேர்த்தவர்கள் அவர்கள். இரவில் அவர்கள் விரித்த வலையை நம் இழுவைப்படகு இழுத்துக்கொண்டு போனால் அவர்களின் முதலீடு அத்தனையும் அந்த ஓர் இரவிலேயே போய்விடுகிறது. இழுவைமடியை நிறுத்துங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்பது அவர்கள் நிலை. படிப்படியாக விட்டுவிட அவகாசம் தாருங்கள் என்பது நம் சங்கங்களின் நிலை. இந்த இடத்திலேயே ஒவ்வொரு முறையும் பேச்சு நிற்கிறது.

கைதுகளைக் கண்டித்து வேலைநிறுத்தம் செய்வதும், படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்து 2024 பிப்ரவரியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே ராமேஸ்வரத்தார் புறக்கணித்ததும் வேதனையின் வெளிப்பாடுகள். அந்த வேதனையை நான் மதிக்கிறேன். ஆனால் உரிமையாளர் சங்கம் தன் உறுப்பினரின் நெடுங்கால நலனைக் காப்பது என்றால், இழுவைமடியிலிருந்து வெளியேறும் வழியை அரசிடம் பேசி வாங்குவதுதான் அதன் தலையாய பணி என்று உறுதியாக நம்புகிறேன். 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் அதற்கான ஒரு வாசல். இழுவைப்படகை ஒப்படைத்துவிட்டு 80 லட்சம் ரூபாய் மதிப்பில் சூரைமீன் பிடிக்கும் தூண்டில்படகு வாங்கலாம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதில் மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், உரிமையாளர் பங்கு 8 லட்சம். மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்பது அப்போதைய இலக்கு. அதன் அருகில்கூடத் திட்டம் செல்லவில்லை. ஒரே நாளில் கரை திரும்பிப் பழகியவர்களுக்கு வாரக்கணக்கில் கடலில் தங்கும் தொழில் புதிது. 8 லட்சமும் கடன் தவணையும் சிறு உரிமையாளருக்குப் பெரும் சுமை. பிடித்த சூரைக்கு நல்ல விலை கொடுக்கும் சந்தை அருகில் இல்லை. உரிமையாளர் பங்கைக் குறைக்க வேண்டும், முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தவணையைத் தள்ளிவைக்க வேண்டும், தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் மீனவர்களைக் கொண்டு பயிற்சி தர வேண்டும் என்று புள்ளிவிவரத்தோடு கேட்கும் சங்கமே உங்களைப் போன்றவரின் அடுத்த படகைக் காப்பாற்றும்.

கேள்வி: நாங்கள் பைபர் படகில் கரைக்கு அருகில் தொழில் செய்பவர்கள். விசைப்படகுச் சங்கங்கள் வலுவடைவது எங்களுக்குக் கேடாகத்தான் முடியும் என்று நினைக்கிறேன். சரிதானா?
(ஒரு வாசகர், கடலூர்)

பதில்: உங்கள் அச்சத்துக்கு வரலாற்றில் காரணம் உண்டு. அரசு மானியத்தில் இழுவைப்படகுகள் பரவிய பிறகு கரைக்கடலில் நடந்த மோதல்களின் விளைவாகவே 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கரையையொட்டிய கடலைச் சிறு மீனவர்க்கு ஒதுக்கியது அதுவே. விசைப்படகு உரிமையாளர் சங்கங்கள் அந்த எல்லையை ஏட்டளவில் ஏற்றுக்கொள்கின்றன. எல்லை தாண்டும் உறுப்பினரைக் கண்டிப்பது மிகக் குறைவு என்பதுதான் என் குறை.

ஆனால் விசைப்படகுக்காரர் எல்லோரும் ஒரே தரப்பு என்று எண்ண வேண்டாம். மீன்கூட்டத்தை வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலை விவகாரத்தில் அது வெளிப்படையாகத் தெரிந்தது. தமிழக அரசு தடை செய்திருந்த அந்த வலையை, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையின் மூலம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, கண்காணிப்புக் கருவி பொருத்திய பதிவுபெற்ற படகுகளுக்கு அனுமதித்தது. அதை வரவேற்ற விசைப்படகு உரிமையாளர்களும் உண்டு, எதிர்த்த விசைப்படகு உரிமையாளர்களும் உண்டு. நீதிமன்றத்திலும் அமைதிக் கூட்டத்திலும் எதிர்த்தரப்பு ஒரு சங்கமாகத் திரண்டிருப்பது உங்களுக்கும் நன்மைதான். நூறு தனி உரிமையாளர்களிடம் நீங்கள் உறுதிமொழி வாங்க முடியாது; பதிவுபெற்ற சங்கத்திடம் எழுத்தில் வாங்கலாம், மீறினால் அதைக் காட்டிக் கேட்கலாம்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியபோதும் எல்லோர் பார்வையும் இழுவைப்படகுகள் மீதே சென்றது. வலையில் ஆமை வெளியேற வழி வைக்கும் கருவியைப் பொருத்தினால் இறாலும் தப்பிவிடும் என்பது உரிமையாளர்களின் கவலை. அந்தக் கருவி இல்லாத காரணத்தால் நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை என்பதும் அதே உரிமையாளர்களின் இழப்புதான். இதில் சங்கங்கள் அரசு சொல்லும்வரை காத்திராமல், தங்கள் படகுகளிலேயே சோதித்துப் பார்த்து முடிவை வெளியிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: சங்கத்தின் வரவு செலவைக் கேட்டால் பதில் வருவதில்லை. ஒரே நிர்வாகிகள் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
(ஒரு வாசகர், காசிமேடு)

பதில்: உங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவானதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலானவை அப்படித்தான் பதிவாகியுள்ளன. அச்சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி வரவு செலவுக் கணக்கை வைத்து, பதிவாளரிடமும் தாக்கல் செய்ய வேண்டும். முதலில் கணக்கைக் கேட்டுச் செயலாளருக்கு எழுத்து வடிவில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். பதில் வராவிட்டால், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கம் தாக்கல் செய்த ஆவணங்களின் நகலைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். அதிலும் ஐயம் தீராவிட்டால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு, 36-ஆம் பிரிவின் கீழ் விசாரணை நடத்துமாறு பதிவாளருக்கு விண்ணப்பிக்கலாம். கையெழுத்து திரட்டத் தடைக்காலமே ஏற்ற நேரம். அந்த இரண்டு மாதங்களில் படகு பழுதுபார்க்க உரிமையாளர் அனைவரும் துறைமுகத்திலேயே இருப்பார்கள்.